மொழிப் பட்டப்படிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொழியியல் படித்தால் நாலைந்து மொழி பேச வந்துவிடும் என்று நம்பிச் சேர்வதுதான் பெரிய தவறு. மொழியியலில் பேசக் கற்றுத்தர மாட்டார்கள். மொழி எப்படி இயங்குகிறது என்பதுதான் அங்கே பாடம்: ஒலிகளைப் பற்றிய ஒலியியல், சொற்கள் உருவாகும் விதத்தைப் பற்றிய உருபனியல், வாக்கிய அமைப்பைப் பற்றிய தொடரியல். பேச வேண்டும் என்றால் வெளிநாட்டு மொழித் துறை. அங்கேயும் பல இடங்களில் இலக்கியம்தான் பாதிக்கு மேல் இருக்கும். அதனால் துறையின் பெயரை நம்பாமல் பாடத்திட்டத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சேருங்கள்.

அடுத்தது, ஒலியியலை வறட்டுப் பாடம் என்று ஒதுக்குவது. தொண்டையில் விரலை வைத்து 'பம்பரம்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' அதிர்வில்லாமல் வெடிக்கும். நடுவில் வரும் 'ப' அதிரும். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து போதும், பொருள் மாறாது. பிரெஞ்சில் அப்படி இல்லை. 'புவாசோன்' என்பதை முதல் 'ப' மாதிரி சொன்னால் மீன், இரண்டாவது மாதிரி சொன்னால் பானம்! தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. ஒவ்வோர் ஒலிக்கும் தனிக் குறி தரும், 1888-இல் வெளிவந்த சர்வதேச ஒலிக்குறிகளை முதல் பருவத்திலேயே பழகிக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது. என்னைக் கேட்டால், இந்தப் படிப்பில் மிக அழகான பகுதியே இதுதான்.

வகுப்பு நேரம் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஆங்கிலம் பேசுபவர் ஜப்பானிய மொழியில் தேற 2200 வகுப்பு மணி நேரம் தேவை என்கிறது அமெரிக்க வெளியுறவுத் துறையின் கணக்கு. வாரம் 5 மணி, ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று ஆண்டில் 450 மணிதான் கிடைக்கும். மீதியைக் கேட்டும் பேசியும் நாம்தான் சேர்க்க வேண்டும். சரி, அது ஆங்கிலம் பேசுபவருக்கான கணக்குதானே? ஆமாம். வினைச்சொல் கடைசியில் வரும் ஜப்பானிய வாக்கியம் தமிழருக்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது. 'கஷ்டமான மொழி' என்று யாரோ போட்ட பட்டியலைப் பார்த்து, ஆசைப்பட்ட மொழியை விட்டுவிடுவதும் தவறுதான்.

அப்புறம், பருவத்துக்கு ஒரு மொழி என்று தாவுவது. நான்கு மொழிகளில் ஏ1 என்ற தொடக்க நிலைச் சான்றிதழ் வைத்திருந்தாலும் ஒன்றில்கூட ஒரு கடிதத்தை ஒழுங்காக மொழிபெயர்க்க முடியாது. ஒரே மொழியில் சி1 என்ற உயர்நிலை வரை போனவரிடம் அந்தக் கடிதத்தைத் தைரியமாகக் கொடுக்கலாம்.