ஆரே ஆற்றில் முதல் முறை: பேர்ன் நகருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஜூலை மாத மாலையில் பேர்ன் நாடாளுமன்றக் கட்டிடத்தின் பின்பக்கம் நின்று கீழே பார்த்தால், ஆரே ஆற்றில் தலைகள் மிதந்து போய்க்கொண்டே இருக்கும். வேலை முடிந்து வந்தவர்கள், ஓய்வூதியக்காரர்கள், படிக்கிற பிள்ளைகள் என்று எல்லோரும் மேலே போய் இறங்கி, ஓட்டத்தோடு கீழே வந்து, கரையேறி, மறுபடி மேலே நடப்பார்கள். இதற்குக் கட்டணமில்லை. சுவிஸில் புதிதாகக் குடியேறியவர்கள் இந்த ஊரோடு ஒட்டிக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் நம்மவர்கள் பலருக்கு இது பழகாத தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. அங்கே நீந்தப் பழகியவர்கள் கடலிலும் கேணியிலும் பழகியவர்கள். தாமிரபரணி, காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஓட்டம் தெரியும், இந்தக் குளிர் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆரேயில் ஆழத்தைவிட முக்கியம், கரையேறும் இடம். எங்கே, எப்படி வெளியே வருவது என்று தெரிந்த பிறகுதான் இறங்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன.

முதலில்: நீங்கள் இறங்கலாமா?

நீச்சல் குளத்தில் நிற்காமல் 200 மீட்டர் நீந்த முடிகிறதா, கால் எட்டாத இடத்தில் பதற்றமில்லாமல் மிதக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று முடியாவிட்டாலும் இந்த ஆண்டு ஆறு வேண்டாம். நகரின் மேற்கே வையர்மன்ஸ்ஹவுஸ் என்ற பெரிய திறந்தவெளிக் குளம் இருக்கிறது. அதற்கும் கட்டணமில்லை, நீந்தத் தெரியாதவர்களுக்கு ஆழமற்ற பகுதியும் உண்டு. சைவநெறிக்கூடத்தின் கோயில் இருக்கும் ஒய்ரோப்பா பிளாட்ஸிலிருந்து அதிக தூரமில்லை. ஒரு கோடை அங்கே பழகிவிட்டு வருவதில் எந்தக் குறைவும் இல்லை.

பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் ஒரு நீர்ப் பாதுகாப்புச் சோதனை வைப்பார்கள்: ஆழமான தண்ணீரில் உருண்டு விழுந்து, ஒரு நிமிடம் ஒரே இடத்தில் மிதந்து, 50 மீட்டர் நீந்த வேண்டும். அதில் தேறியது நின்ற தண்ணீருக்குப் போதும், ஆற்றுக்குப் போதாது. கைப்பிடிக் கம்பியைத் தானே பிடித்துத் தானே ஏறும் பலம் வரும்வரை பிள்ளைகளை ஆரேயில் இறக்காதீர்கள். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளை நம்பவே கூடாது.

போகும் முன் இரண்டு எண்கள்

தண்ணீரின் வெப்பநிலை ஒன்று, நீரின் அளவு மற்றொன்று. இரண்டும் இணையத்தில் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. ஊர்க்காரர்கள் ‘ஆரே குரு’ செயலியில் பார்ப்பார்கள்.

வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் புதியவர்களுக்கு மகிழ்ச்சி இருக்காது, வலிதான் இருக்கும். 20ஐத் தொடும் நாளுக்குக் காத்திருங்கள். ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் பாதி நல்ல காலம். ஒரே நாளிலும் காலையைவிட மாலை ஐந்து, ஆறு மணிக்குத் தண்ணீர் சற்றுச் சூடாக இருக்கும். ஆரே பனியாறுகளில் பிறந்தாலும் பிரியன்ஸ், தூன் என்ற இரண்டு ஏரிகளைக் கடந்து வருகிறது. ஏரியின் மேல்மட்டத்தில் வெயில் பட்ட தண்ணீர்தான் பேர்னுக்கு வருவதால் இந்த அளவுக்காவது சூடு கிடைக்கிறது.

நீரின் அளவு நொடிக்கு இத்தனை கன மீட்டர் என்று காட்டும். 200ஐத் தாண்டினால் முதல் முறை இறங்குபவர்கள் திரும்பிப் போய்விடலாம் என்பது எங்கள் கணக்கு. பழகியவர்கள் அன்றும் இறங்குவார்கள். அவர்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

மூன்றாவதாக ஒன்றைக் கண்ணாலேயே பார்க்கலாம்: நிறம். பச்சை நீலமாகத் தெளிந்திருந்தால் நல்லது. சாம்பல் பழுப்பாகக் கலங்கி, குச்சியும் கட்டையும் மிதந்து வந்தால் மேலே எங்கோ இடிமழை பெய்திருக்கிறது என்று பொருள். பேர்னில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தூனுக்குக் கீழே வந்து சேரும் சுல்க் என்ற சிற்றாறு மலைப்பக்க மழையில் திடீரென்று பெருகி, சில மணி நேரத்தில் மரக்கட்டைகளை நகரம்வரை தள்ளிக்கொண்டு வரும். அன்று இறங்கக் கூடாது.

பையில் இருக்க வேண்டியவை

உடலோடு ஒட்டும் நீச்சல் உடை. முழுக்கை, முழுக்கால் மறைக்கும் லைக்ரா உடையும் தண்ணீரில் தொல்லை தராது. பருத்திச் சட்டை, சுரிதார், தொளதொள அரைக்கால் சட்டை வேண்டாம். நனைந்தால் கனத்து, கம்பியில் ஏறும்போது கீழே இழுக்கும். கூழாங்கல்லில் கால் நோகாமலிருக்க ரப்பர் அடி வைத்த நீர்க் காலணி நல்லது. செருப்பு ஆற்றோடு போய்விடும்.

உடைமைகளைக் கூடவே எடுத்துச்செல்ல வாய் சுருட்டும் நீர்புகாப் பை ஒன்று வாங்குங்கள், 20 லிட்டர் அளவு போதும். கொஞ்சம் காற்று விட்டு, வாயை மூன்று சுற்றாவது இறுக்கிச் சுருட்டிக் கொக்கியை மாட்டினால் மிதக்கும். ஒரு சுற்றோடு விட்டால் தண்ணீர் புகுந்து தொலைபேசி போகும். இந்தப் பை உயிர்காக்கும் மிதவை அல்ல. வாரைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்வது ஆபத்து, எங்காவது சிக்கினால் உங்களையும் பிடித்துவைக்கும். கையால் பிடியுங்கள், தேவைப்பட்டால் விட்டுவிடுங்கள்.

நாடாளுமன்றக் கட்டிடத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் உள்ள மார்சிலி குளிப்பிடத்திலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போவதாக இருந்தால் ஒரு சிறு பூட்டும் சில்லறைக் காசும் எடுத்துச்செல்லுங்கள். பெண்களுக்கு மட்டுமான ‘பாரடீஸ்லி’ என்ற தனிப் பகுதியும் அங்கே இருக்கிறது. கூச்சம் காரணமாக வராமல் இருக்கும் அம்மா, அக்காமாருக்கு இதைச் சொல்லுங்கள்.

நனையாமல் ஒரு முறை

இந்தப் படியைத் தாண்டவே கூடாது. மார்சிலியில் கரையோரமாக நடந்து, சிவப்பு வண்ணம் பூசிய கைப்பிடிக் கம்பிகளைப் பாருங்கள். தண்ணீருக்குள் இறங்கும் படிகளோடு அவை வரிசையாக இருக்கும். மற்றவர்கள் எப்படிப் பிடித்து ஏறுகிறார்கள் என்று கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். கடைசிக் கம்பி எங்கே, எச்சரிக்கைப் பலகை எங்கே என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் கீழே, கிர்ஹன்ஃபெல்ட் பாலத்தருகே, ஷ்வெல்லன்மேட்டெலி என்ற இடத்தில் ஆற்றின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. பார்க்க அழகான வெள்ளை நுரை. ஆனால் விழும் தண்ணீர் அடியில் சுருண்டு மீண்டும் அணைப்பக்கமே திரும்புவதால், அதில் அகப்பட்டவரை அது வெளியே விடாது. எவ்வளவு நன்றாக நீந்தினாலும் உதவாது. எனவே கடைசிக் கம்பியை இலக்காக வைக்காதீர்கள். முதல் அல்லது இரண்டாவது கம்பியே உங்கள் இலக்கு, மற்றவை தவறினால் பிடிப்பதற்கு.

இறங்குதல்

முதல் நாள் நீண்ட தூரம் வேண்டாம். மார்சிலியிலிருந்து மேல்நோக்கி 200, 300 மீட்டர் மட்டும் நடந்து, படி உள்ள இடத்தில் இறங்குங்கள். அது இரண்டு மூன்று முறை சரியாக வந்தால், அடுத்தது ஷோனாவ் தொங்குபாலம். அதற்குப் பிறகு ஐஹ்ஹோல்ஸ் புல்வெளி: 9ஆம் எண் ட்ராமில் வாபெர்ன் கடைசி நிறுத்தம்வரை போய் இறங்கி, ஆற்றை நோக்கிக் கீழே நடந்தால் வரும். மார்சிலியிலிருந்து கரையோரமாகவே நடந்தும் போகலாம். இருபது, இருபத்தைந்து நிமிடம்.

வெயிலில் நடந்து சூடேறிய உடம்போடு குதிக்காதீர்கள். குளிர் திடீரென்று தாக்கும்போது மூச்சு தானாக உள்ளே இழுக்கும், வாய் தண்ணீருக்குள் இருந்தால் புரைக்கேறும். மணிக்கட்டு, பிடரி, மார்பு என்று நனைத்துவிட்டு, இடுப்பளவு இறங்கி, மூச்சு சீராகும்வரை கம்பியைப் பிடித்து நில்லுங்கள். அரை நிமிடம் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டும், முழுப் பட்டினியாகவும், மது குடித்தும் இறங்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். பாலத்திலிருந்து குதிப்பவர்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். மாறாக, பாலத்தின் அடியில் போகும்போது மேலே பாருங்கள், உங்கள் தலையில் யாரும் விழாமல் இருக்க.

மிதந்து போவது

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம், ஆறு கொண்டுபோகும். கரையிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி, இடது பக்கமாகவே இருங்கள். மார்சிலியும் ஐஹ்ஹோல்ஸும் இடது கரை. எதிரே தெரியும் மரங்களும் டேல்ஹோல்ஸ்லி விலங்குத் தோட்டமும் வலது கரை. ஆழம் குறைந்த இடத்தில் மல்லாந்து, கால்களை முன்னால் நீட்டி, இடுப்பை மேலே தூக்கிக்கொள்ளுங்கள். கல்லில் இடித்தால் பாதம் தாங்கும், தலை தாங்காது. எழுந்து நிற்க முயலாதீர்கள், ஓட்டம் உருட்டிவிடும். கரையில் தாழ்ந்திருக்கும் கிளைகளைப் பிடிக்கவும் கூடாது.

காதுகளை ஒரு நிமிடம் தண்ணீருக்குள் வைத்துப் பாருங்கள். கிணுகிணுவென்று சன்னமாக ஒரு சத்தம் இடைவிடாமல் கேட்கும். அடியில் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசி உருளும் சத்தம் அது. இந்த ஊர்ப் பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்கிறார்கள்.

கரையேறுதல்

தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன, காரணம் எளிய கணக்கு. ஆறு நொடிக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் ஓடுகிறது. சாதாரணமாக நீந்துபவர் நொடிக்கு முக்கால் மீட்டர்கூட நகர்வதில்லை. ஆற்றின் நடுவிலிருந்து 20 மீட்டர் குறுக்கே வர அரை நிமிடம் ஆகும், அதற்குள் ஆறு உங்களை 50 மீட்டர் கீழே கொண்டுபோயிருக்கும். கம்பியைக் கண்ட பிறகு கரைக்கு வரத் தொடங்கினால் அது தாண்டிப்போய்விடும்.

உயரமான மொன்பிஷு பாலம் கண்ணில் பட்டதும் கரையை நெருங்கத் தொடங்குங்கள். கம்பிக்கு 40 மீட்டர் முன்பே கரையிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முன்னால் போகிறவர் ஏறிக்கொண்டிருந்தால் அவர்மேல் மோதாமல் அடுத்த கம்பிக்குப் போங்கள்.

கம்பி வந்ததும் இடது கையால் இறுகப் பிடியுங்கள். உடனே உடம்பு சுழன்று, கால்கள் ஓட்டத்தின் திசையில் நீளும். புதியவர்கள் இந்த நொடியில் பயந்து கையை விடுகிறார்கள். விடாதீர்கள், அது இயல்பு. வலது கையையும் அதே கம்பிக்குக் கொண்டுவந்து, உடலை அருகே இழுத்து, முழங்காலை மடக்கிப் படியைத் தேடுங்கள். படியில் பாசி வழுக்கும். இரண்டு பாதமும் தண்ணீருக்கு மேலே வரும்வரை ஒரு கை கம்பியிலேயே இருக்கட்டும். ஏறியதும் ஒதுங்கி வழி விடுங்கள்.

கம்பி தவறிவிட்டதா? எதிர்த்து நீந்தித் திரும்ப முயன்றால் பலம் வீணாகும், இடமும் நகராது. கரையை ஒட்டியே இருங்கள், அடுத்த கம்பி வரும்.

விரல்கள் மரத்துப்போவது இன்னொரு தொல்லை. 20 டிகிரியிலும் கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தால் பிடிமானம் தளரும். உதடு நீலமாவதற்குள் ஏறிவிடுங்கள். தசை பிடித்துக்கொண்டால் மல்லாந்து மிதந்து, கூட வந்தவரைக் கூப்பிடுங்கள். அவசரத்துக்கு 112 அல்லது 117; மருத்துவ உதவிக்கு 144.

ஏறிய பிறகு

உலர்ந்த உடை மாற்றி, சூடாக ஏதாவது குடியுங்கள். ஐஹ்ஹோல்ஸில் நெருப்பு மூட்டிச் சுட இடம் உண்டு. சுவிஸ்காரர்கள் சுடும் செர்வெலா சொசேஜில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் கலந்திருக்கும், வேண்டாதவர்கள் கவனியுங்கள். மரக்கறிக்காரர்களுக்குச் சோளப்பொத்தி நல்லது: மடலோடு 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, சுவாலை அடங்கிய தணலில் கால் மணி நேரம் திருப்பித் திருப்பிச் சுட்டு, மடலை உரித்து உப்பும் மிளகாய்த்தூளும் தேசிக்காயும் தேய்த்தால் போதும். வறண்ட வாரங்களில் நெருப்புத் தடை வரும், புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூனிலிருந்து பேர்ன்வரை ரப்பர் படகில் வருபவர்களைக் கண்டு அடுத்த வாரமே படகு வாங்கிவிடாதீர்கள். மூன்று மணி நேரப் பயணம் அது, நடுவே உட்டிகன் அருகே கொந்தளிக்கும் இடமும் உண்டு. ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புச் சட்டை வேண்டும், படகில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டும், இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டக் கூடாது. கட்டினால் படகுகள் பாலத்தூணின் இரு பக்கமும் பக்கத்துக்கொன்றாகப் போய்க் கயிறு தூணில் மாட்டிக்கொள்ளும். மார்சிலிக் கம்பிகளை ஒரு கோடை முழுக்கப் பிடித்துப் பழகியவர்கள் அடுத்த ஆண்டு படகு வாங்கலாம்.