பால் இறங்க முதுகில் இருந்து ஆரம்பியுங்கள்

"பிள்ளைக்குப் பால் பத்தலையாட்ட இருக்குதுங்க" என்று யாராவது சொன்னால் போதும், எங்கள் கொங்குப் பக்கத்தில் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயோடு வந்துவிடுவார். எண்ணெயில் தப்பில்லை. கை நேராக மார்புக்குப் போவதுதான் சரியில்லை. முதலில் தேய்க்க வேண்டியது முதுகை.

பாலைச் சுரக்க வைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன், சுரந்த பாலைக் காம்புக்குத் தள்ளுவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். வலியும் கவலையும் ஆக்சிடோசினை அடக்கிவிடும். முதுகு தளர்ந்தால் பால் இறங்கும், அவ்வளவுதான். பால் கூடுவதற்குக் குழந்தை அடிக்கடி குடிக்க வேண்டும்: 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை. முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும், அதுவே போதும்.

1. பால் கொடுப்பதற்குச் சற்று முன், தாய் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் கைகளை மடித்து, அதில் தலையைச் சாய்த்துக்கொள்ளட்டும். மேலாடை இல்லாமல் மார்பு இறுக்கமின்றித் தொங்க வேண்டும் என்பதால் கதவைச் சாத்திவிடுங்கள். விசாரிக்க வந்தவர்கள் திண்ணையில் இருக்கட்டும். சிசேரியன் ஆனவர் ஒருக்களித்துப் படுத்தால் போதும்.

2. தேய்ப்பது வீட்டுக்காரராகவும் இருக்கலாம். கையைக் கழுவி, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, விரல்களை மடக்கிக் கட்டை விரல்களை மட்டும் நீட்டுங்கள். கழுத்தடியில் ஆரம்பித்து, முதுகெலும்பின் இரு பக்கமும் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தபடி தோள்பட்டை எலும்பு வரை இறங்குங்கள். எலும்பின் மேல் அழுத்தக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் செய்யலாம். சிலருக்கு அதற்குள்ளேயே மார்பு குறுகுறுக்கும், பால் சொட்டும்.

3. அப்புறம் மார்பு. இதைத் தாயே செய்துகொள்வது நல்லது. விரல்களைத் தட்டையாக வைத்து, விளிம்பிலிருந்து காம்பை நோக்கி மெதுவாக நீவ வேண்டும். காம்பில் எண்ணெய் வேண்டாம்.

4. உடனே குழந்தையை மார்பில் போடுங்கள்.

பால் கட்டிக்கொண்டால் பிசைந்து உடைக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. பெரியவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, பிசைய விடாதீர்கள். அழுத்தினால் வீக்கம்தான் கூடும். அப்போது மட்டும் திசையை மாற்றி, தோல் மட்டும் லேசாக நகரும் அளவுக்கு, காம்பிலிருந்து அக்குள் பக்கமாகத் தடவிவிடுங்கள். பால் கொடுத்த பிறகு குளிர்ந்த ஈரத்துணி வைத்தால் வலி குறையும்.

மார்பு சிவந்து, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் டாக்டரைப் பாருங்கள்; பால் கொடுப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம். பிறந்து ஐந்து நாள் கழிந்தும் குழந்தை ஒரு நாளில் 6 முறைகூட ஒன்றுக்குப் போகவில்லை என்றால், மசாஜை நம்பிக் காத்திருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.