எக்செலில் ரிங்கிட்டும் ரூபாயும்: கடைக் கணக்கு எழுதத் தொடங்குபவர்களுக்கு

மலேசியாவில், பினாங்கு லிட்டல் இந்தியாவில் ஒரு புடவைக் கடை என்று வைத்துக்கொள்வோம். விற்பது வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில். சரக்கு வருவது சென்னையிலிருந்து, அதற்கான பில் ரூபாயில். இரண்டையும் ஒரே எக்செல் தாளில் குழப்பமில்லாமல் எழுதுவது எப்படி என்று பார்ப்போம். எக்செலைத் திறந்து ஒரு கட்டத்தில் எண்ணைத் தட்டத் தெரிந்தால் போதும், மற்றதை இங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

படி 1: எண்ணை மட்டும் தட்டுங்கள்

ஆயிரத்து இருநூற்று ஐம்பது வெள்ளி என்றால் 1250 என்று மட்டும் தட்டுங்கள். முன்னால் ஆர்எம் (RM) என்ற ரிங்கிட் குறி வேண்டாம், பின்னால் வெள்ளி வேண்டாம், நடுவில் கமாவும் வேண்டாம். எக்செல் கட்டத்துக்குள் வைத்துக்கொள்வது எண்ணை. குறி, கமா, தசமப் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் என்பதெல்லாம் திரையில் காட்டுவதற்காக மட்டுமே. கட்டத்தில் நீங்களே ஆர்எம் என்று சேர்த்துத் தட்டினால், கணினியின் வட்டார அமைப்பு மலேசியாவாக இல்லாத பட்சத்தில், எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். அப்புறம் கீழே கூட்டல் போட்டால் அந்தத் தொகை மட்டும் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது.

கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம் நிற்கும். வரிசையாக வலப்பக்கம் நிற்கும் தொகைகளில் ஒன்று மட்டும் இடப்பக்கம் தள்ளி நின்றால் அதைச் சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே நிறைய அப்படி எழுதிவிட்டீர்களா? அந்த நெடுவரிசையைத் தேர்வுசெய்து கண்ட்ரோல், ஹெச் அழுத்துங்கள். தேடும் பெட்டியில் ஆர்எம் எழுத்துகளை இடுங்கள், மாற்றும் பெட்டியைக் காலியாக விடுங்கள், எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 2: ரிங்கிட் குறியைக் கொண்டுவருதல்

தொகைகள் உள்ள கட்டங்களைத் தேர்வுசெய்து கண்ட்ரோல், 1 அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் நம்பர் என்ற பக்கத்தில், இடப்புறப் பட்டியலிலிருந்து கரன்சியைத் தேர்ந்தெடுங்கள். குறிகளின் பட்டியலில் மலேசியா என்ற பெயரோடு வரும் ஆர்எம்மைப் பிடியுங்கள். தசம இலக்கம் 2. கழித்தல் தொகைகள் சிவப்பில் தெரிய வேண்டுமா என்பதும் அதே இடத்தில் இருக்கிறது.

கரன்சிக்குக் கீழேயே அக்கவுண்டிங் என்று இன்னொன்று இருக்கும். இதில் குறி கட்டத்தின் இடது ஓரத்துக்குப் போய்விடும், எண்கள் வலது ஓரத்தில் தசமப் புள்ளி ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், பூஜ்யம் ஒரு சிறு கோடாகத் தெரியும். மாதக் கணக்கு போல நீளமான பட்டியலுக்கு அக்கவுண்டிங்தான் கண்ணுக்குச் சுகம். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பில்லுக்குக் கரன்சி போதும்.

தமிழிலேயே குறி வேண்டும் என்றால் அதே பட்டியலின் கடைசியில் உள்ள கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள பெட்டியில் இதை இடுங்கள்:

"ரிம "#,##0.00

இரட்டை மேற்கோளுக்குள் இருப்பதை எக்செல் அப்படியே காட்டும். அதனால் ரிம இருக்கும் இடத்தில் வெ. என்றும் போடலாம். கமா ஆயிரத்தைப் பிரிக்கிறது. கடைசி இரண்டு பூஜ்யங்கள் காசுக்கு. 1250 இப்போது ரிம 1,250.00 என்று தெரியும், உள்ளே இருப்பது அதே 1250.

குறியைப் போட்டதும் தொகைக்குப் பதில் ##### என்று வந்தால் பதற வேண்டாம். இடம் போதவில்லை, அவ்வளவுதான். நெடுவரிசைத் தலைப்பின் வலது ஓரக் கோட்டை இருமுறை சொடுக்குங்கள்.

படி 3: சென்னை பில்லும் லட்சக் கமாவும்

பன்னிரண்டரை லட்சம் ரூபாய் பில். நம் எக்செல் அதை 1,250,000 என்று காட்டும். சென்னைக்காரர் பில்லில் 12,50,000 என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கும்போது கண் தடுமாறும். கணினியின் வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றினால் லட்சக் கமா வந்துவிடும், ஆனால் ரிங்கிட் தொகைகளிலும் சேர்ந்தே வந்துவிடும். அது வேண்டாம். ரூபாய் நெடுவரிசைக்கு மட்டும் கஸ்டம் பெட்டியில் இதை இடுங்கள்:

[>=10000000]"ரூ. "##\,##\,##\,##0.00;[>=100000]"ரூ. "##\,##\,##0.00;"ரூ. "##,##0.00

பார்க்க மிரட்டுகிறது. அரைப்புள்ளி இருக்கும் இடங்களில் பிரித்துப் படித்தால் மூன்றே துண்டுகள்: கோடியும் அதற்கு மேலும், லட்சமும் அதற்கு மேலும், மற்றவை. கமாவுக்கு முன்னால் உள்ள சாய்கோடு, அந்தக் கமாவை அதே இடத்தில் வை என்று சொல்கிறது. ஒரு குறை உண்டு. கழித்தல் தொகைகள் எல்லாம் மூன்றாவது துண்டில் விழுவதால் அவற்றுக்கு லட்சக் கமா வராது. வாங்கிய சரக்குக்கான பில்லில் கழித்தல் எப்போதாவதுதான் வரும் என்பதால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

மாற்று விகிதத்தைத் தனிக் கட்டத்தில் வையுங்கள். அந்தக் கட்டத்துக்குக் கரன்சி வடிவம் மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு ரூபாயின் மதிப்பு ஒரு சில காசுதான், இரண்டு தசமத்தில் அது முழுதாகத் தெரியாது. விகிதம் 0.0523 என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் 0.05 என்று காட்டும், கணக்கு 0.0523-இல்தான் நடக்கும். பார்ப்பவர் கால்குலேட்டரில் 0.05-ஆல் பெருக்கினால் ஒரு லட்சம் ரூபாய்க்கு 5,000 வெள்ளி வரும், தாளிலோ 5,230 இருக்கும். 230 வெள்ளி எங்கே போனது என்று ஒரு மாலை முழுக்கத் தேட வேண்டியதில்லை. கஸ்டமில் 0.0000 என்று போட்டுவிடுங்கள்.

படி 4: காசு, ஐந்து காசு

வடிவம் எண்ணை மாற்றாது என்பதால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். 100 வெள்ளிச் செலவை மூன்று பேருக்குப் பிரித்தால் ஒவ்வொரு கட்டமும் 33.33 காட்டும், கூட்டல் 100.00 காட்டும். கையால் கூட்டினால் 99.99. தாளில் தவறில்லை, மறைந்திருக்கும் தசமங்களையும் அது சேர்த்துக் கூட்டுகிறது. கண்ணில் படும் தொகையைத்தான் உண்மையில் வசூலிக்கப் போகிறீர்கள் என்றால், பிரிக்கும் சூத்திரத்தை ரவுண்ட் என்ற சூத்திரத்துக்குள் வைத்து, =ROUND(100/3,2) என்பதுபோல், இரண்டு தசமத்தில் நிறுத்துங்கள். மிஞ்சும் ஒரு காசை யார் தலையில் கட்டுவது என்பது உங்கள் பாடு.

நம் ஊரில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்க பில்லின் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து காசுக்கு மாற்றுகிறோம். 47.82 என்றால் 47.80, 47.83 என்றால் 47.85. இதை எந்த வடிவமும் செய்து தராது, சூத்திரம்தான் வேண்டும். சமக்குறி (=) இட்டு, ஆங்கில எழுத்தில் எம்ரவுண்ட் (MROUND) என்று தட்டி, அடைப்புக்குறிக்குள் மொத்தத் தொகை உள்ள கட்டம், கமா, 0.05 என்று கொடுங்கள். பொருள்வாரியாகச் செய்யாதீர்கள், அடியில் உள்ள மொத்தத்துக்கு மட்டும். கார்டில் கட்டுபவருக்கு 47.83 அப்படியே இருக்கலாம். அதனால் மொத்தத்துக்கு ஒரு வரிசை, ரொக்கத் தொகைக்கு அதன் கீழே இன்னொரு வரிசை வைப்பது நல்லது.

கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துபவர்களுக்கும் மேலே சொன்ன வடிவங்கள் அப்படியே பொருந்தும். ஃபார்மேட், நம்பர் என்று போனால் கஸ்டம் வடிவத்துக்கான பெட்டி அங்கேயே கிடைக்கும். ஆனால் முதலில் ஃபைல், செட்டிங்ஸ் போய் லொக்கேல் மலேசியா என்று இருக்கிறதா பாருங்கள். வேறு நாடாக இருந்தால் கரன்சி பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அந்த நாட்டுக் குறிதான் வந்து நிற்கும்.