தேர்தல் ஆலோசனை நிறுவனத்தின் கட்சித் தொடர்பைத் தேடுவது எப்படி?

2021 தமிழகத் தேர்தலில் திமுகவுக்கு ஐபேக் (I-PAC) என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனம் வேலை பார்த்தது ஊரறிந்த விஷயம். வெளியே தெரியாத ஒப்பந்தங்களைத்தான் தோண்ட வேண்டும்.

முதலில் நிறுவனத்தின் பதிவு எண்ணை (CIN, எழுத்தும் எண்ணும் கலந்து 21 இடங்கள்) எடுங்கள். பெயரை மட்டும் நம்பினால் ஒரே மாதிரிப் பெயர்களில் மாட்டிக்கொள்வீர்கள். இயக்குநர்களுக்கு வேறு எந்தக் கம்பெனிகளில் பதவி என்றும் பாருங்கள்.

அடுத்து, தேர்தல் ஆணையத்தில் கட்சி தாக்கல் செய்யும் செலவுக் கணக்கு: சட்டமன்றத்துக்கு 75 நாள், மக்களவைக்கு 90 நாள் கெடு. பல கணக்குகள் ஸ்கேன் படங்கள். தேடுபெட்டியில் பெயர் சிக்காது. விளம்பரத்தோடு நிற்காமல் இதர செலவுகளையும் வரிவரியாகப் படியுங்கள்.

ஃபேஸ்புக் விளம்பர நூலகத்தில் பணம் கட்டியவர் பெயர் இருக்கும். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தொகை வரம்பாகவே வரும். அதைக் கூட்டித் துல்லியமான செலவு என்று எழுதிவிடாதீர்கள்.