ஒட்டகத்துக்கு வாசல் கட்டாதீர்கள்

தர்மபுரி மறைமாவட்டப் பங்குகளில் அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டில் கூடி விவிலியம் வாசிக்கும் கூட்டம் என்றால் இப்போது இளைஞர்கள்தான் அருள்வாக்கு விளக்கம் சொல்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் "இந்தச் சொல் எப்படி வந்தது தெரியுமா?" என்று அவர்கள் ஆரம்பித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு காலத்தில் நான் சொல்லித் திரிந்த அதே கதைகள், வாட்ஸ்அப் புண்ணியத்தில் இன்னும் மெருகேறி வருகின்றன. வசன எண்ணை மாற்றிச் சொல்வதை எல்லாம் விட்டுவிடுகிறேன். அதைக் கூட்டத்திலேயே யாராவது திருத்திவிடுவார்கள்.

விவிலியத்தில் இல்லாததை விவிலியம் என்பது

"தனக்குத் தானே உதவுகிறவனுக்குக் கடவுள் உதவுவார்." எந்த அதிகாரம் என்று கேட்டால் நீதிமொழிகள் பக்கம் கையைக் காட்டுவார்கள். அங்கே இல்லை, வேறெங்கும் இல்லை. சேற்றில் மாட்டிய வண்டிக்காரன் பற்றிய ஈசாப் கதையில் இந்தக் கருத்து வருகிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-ல் தன் பஞ்சாங்கத்தில் போட்ட பிறகு ஊரெல்லாம் பரவியது. "தூய்மை இறைபக்திக்கு அடுத்தது" என்பதும் வசனம் இல்லை. மெதடிஸ்ட் சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி, உடை பற்றிய ஒரு பிரசங்கத்தில் சொன்னது.

எல்லாவற்றையும் அசிசியார் தலையில் கட்டுவது

"எப்போதும் நற்செய்தி அறிவியுங்கள், தேவைப்பட்டால் சொற்களையும் பயன்படுத்துங்கள்." ஒரு பங்குத் திருவிழாவில் இதை அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் படத்தோடு பெரிய ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருந்தார்கள். 1226-ல் இறந்த அவருடைய எழுத்துகளிலும் இது இல்லை, அவரைப் பற்றிய ஆரம்பகால வரலாறுகளிலும் இல்லை. சகோதரர்கள் எல்லோரும் தங்கள் செயல்களால் போதிக்கட்டும் என்ற கருத்து அவருடைய துறவுச் சபையின் 1221-ஆம் ஆண்டு ஒழுங்கில் இருக்கிறது. அதையே அடித்திருக்கலாமே! 'அமைதியின் கருவியாக என்னை ஆக்கும்' என்ற செபமும் 1912-ல் பாரிஸில் ஒரு பத்திரிகையில், எழுதியவர் பெயர் இல்லாமல்தான் முதலில் வந்தது. செபிப்பதற்கு அது தடையில்லை.

ஊசி வாசல்

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. செல்வர் இறையாட்சிக்கு உட்படுவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்கிறார் இயேசு (மாற்கு 10:25). ஞாயிறு வாசகமாக இது வரும் ஆண்டில் கூடவே அந்தக் கதையும் வந்துவிடும். எருசலேம் மதிலில் 'ஊசியின் காது' என்று ஒரு சின்ன வாசல் இருந்ததாம். இரவில் பெரிய வாசலைச் சாத்திய பிறகு வரும் வணிகர், சுமையை இறக்கி, ஒட்டகத்தை மண்டியிட வைத்து அதன் வழியே உள்ளே தள்ளுவாராம்.

எலத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டுக் கூட்டத்தில் ஒரு தம்பி இதை நடித்தே காட்டினான். பாயில் முட்டி போட்டு, முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி நகர்ந்தான். ஒரே கைதட்டல். முன்னால் உட்கார்ந்திருந்த மாங்காய் மண்டிக்காரர், "அப்போ கொஞ்சம் குனிஞ்சா போதும்" என்று சிரித்தார். அவர் மேல் தப்பில்லை, கதை அதைத்தான் சொல்கிறது. உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று கேட்டதும் ஒருவன் முகம் வாடிப் போய்விட்டான். அதன் பிறகு இயேசு சொன்ன சொல் இது. அதில் ஒரு வாசலைத் திறந்துவிட்டால் பணக்காரருக்கு நிம்மதி, அவ்வளவுதான் மிச்சம்.

ஓரமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் கேட்டார்: "ஏங் கண்ணு, ஒட்டகந்தான் உள்ள பூந்துடுச்சே, அப்புறம் சீடருங்க எதுக்கு அரண்டு போனாங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். அடுத்த இரண்டு வசனங்களைப் படிக்கச் சொன்னேன். பின் யார்தான் மீட்புப் பெற முடியும் என்று சீடர்கள் திகைக்கிறார்கள். மனிதரால் முடியாது, கடவுளால் எல்லாம் முடியும் என்று பதில் வருகிறது. சிரமப்பட்டால் நுழையலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

இயேசு காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு எழுத்துச் சான்றும் கிடையாது, தொல்லியல் சான்றும் கிடையாது. கதை பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தொகுத்த நற்செய்தி விளக்கத்தில் அதைப் பார்க்கலாம். யூதர்களின் மறைநூல் விளக்கமான பாபிலோனிய தால்மூதில் இதே இடத்தில் யானை வருகிறது. ஊசிக் காதில் யானை நுழைவது, யாருக்கும் கனவில்கூட வராத காட்சியாம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் திருக்குர்ஆன் 7:40-ஐ எனக்குக் காட்டினார். அங்கும் ஒட்டகம் ஊசிக் காதில் நுழைவது நடக்காத காரியத்துக்குத்தான் அடையாளம்.

யாரைப் பார்த்து யார் எடுத்தார்கள்?

குருடருக்குக் குருடர் வழிகாட்டினால் இருவரும் குழியில் விழுவர் என்பது மத்தேயு 15:14. திருமந்திரத்திலும் "குருடும் குருடும் குழிவிழு மாறே" என்று வருகிறது. குருடரை நடத்திப் போகும் குருடர் கட உபநிடதத்திலும் உண்டு. "எங்களிடமிருந்துதான் எடுத்தார்கள்" என்று இரண்டு பக்கமும் டீக்கடையில் மல்லுக்கட்டுகிறார்கள். மூன்றும் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள்.

மூன்று அரசர்கள்

குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, அரசர் என்றும் சொல்லவில்லை.

பணமே எல்லாத் தீமைக்கும் வேர்

பணம் இல்லை, பண ஆசை. 1 திமொத்தேயு 6:10. மேடை ஏறுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.