தெருவோரத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் ஊழியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவக்காலம் வந்துவிட்டால் கொழும்பில் புதிய சாப்பாட்டுக் குழுக்கள் கிளம்பும். பங்கு இளைஞர்கள், மெதடிஸ்ட் சபைப் பிள்ளைகள், வீட்டு ஜெபக் கூட்டமாகத் தொடங்கிய சின்னச் சபைகள் என்று எல்லோரும் கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னாலும் மருதானைப் பக்கமும் புறக்கோட்டைக் கடைத் தாழ்வாரங்களிலும் பார்சல்களோடு நிற்பதைப் பார்க்க மனசு நிறைகிறது. ஆனால் பழைய குழுக்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தோமோ அதே இடங்களில் இவர்களும் விழுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கை கழுவுங்கள், வரிசையை ஒழுங்காக வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

காலையில் சமைத்து இரவில் கொடுப்பது

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான், எனக்கு இன்னும் கோபம் வருவதும் இதில்தான். ஞாயிறு காலைப் பூசை முடியும்போது சமைக்கக்கூடிய அம்மாமார் எல்லோரும் மண்டபத்தில் இருப்பார்கள், பெரிய கிடாரமும் அங்கேயே இருக்கும், அதனால் பதினொரு மணிக்கே சோறு இறங்கிவிடும். ஒரு மணிக்குள் சோறு, பருப்பு, மீன் கறி எல்லாவற்றையும் சுடச்சுடக் கட்டி, காட்போட் பெட்டிகளில் நெருக்கி அடுக்கிவிடுவார்கள். இளைஞர்கள் டியூஷன், வேலை எல்லாம் முடித்து வர ஏழு மணி. வேன் கோட்டைக்குப் போய்ச் சேர எட்டரை.

கேட்டால், இன்னும் இளஞ்சூடாக இருக்கிறதே, தொட்டுப் பாருங்கள் என்பார்கள். அந்த இளஞ்சூடுதான் ஆபத்து. அரிசியில் பசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம், அவை சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு 60 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். சூடு அதற்குக் கீழே இறங்கியதும் முளைத்துப் பெருகத் தொடங்கும், நஞ்சும் உண்டாகும். கொழும்பு வெக்கையில் மூடிய பெட்டிக்குள் அடுக்கிய பார்சல் மணிக்கணக்காக அந்த நிலையில்தான் இருக்கிறது. வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது, ஆகவே போகும் முன் ஒரு தடவை சூடு காட்டிக்கொள்வோம் என்பதில் பயனில்லை. நாற்றமே வராமலும் இருக்கும். சாப்பிட்ட ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி. தேங்காய்ப்பால் விட்ட கறியும் தேங்காய்ச் சம்பலும் கூட இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வீட்டில் இருக்கும் நமக்கு வயிறு கலங்கினால் கழிவறை பக்கத்திலேயே இருக்கிறது, வயிற்றுப்போக்குக்குக் குடிக்கும் ஜீவனித் தூளில் ஒரு பக்கெட்டைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுக்கலாம். தாழ்வாரத்தில் படுப்பவர் நள்ளிரவில் எங்கே போவார்? மாற்றிக்கொள்ள இன்னொரு சாரம் இருக்கிறதா? விடிந்ததும் கடைக்காரர் வந்து பார்த்தால் அந்த இடத்தைவிட்டே துரத்திவிடுவார். நாம் கொடுத்த ஒரு பார்சலால் ஒரு மனுஷனுக்குப் படுக்கும் இடமே இல்லாமல் போகிறது.

ஒரு குழு, பெயர் வேண்டாம், கொடுத்துவிட்டுப் போன மறுநாள் நாங்கள் அதே இடத்துக்குப் போனோம். எப்போதும் முதல் ஆளாக எழுந்து வரும் வயதான ஐயா ஒருவர் எழும்பவே இல்லை. பக்கத்தில் இருந்த அம்மாவைக் கேட்டேன். “நேத்து சோறு புளிச்சிப் போச்சி தம்பி, நாங்க கொட்டிட்டம், அவர் பசியில சாப்பிட்டுட்டார், ராவு முழுக்க சத்தி” என்றார். அதற்குப் பிறகு பல வாரங்கள் அங்கே எங்கள் பார்சலையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அந்தக் குழுவிடம் போய்ச் சொன்னபோது வந்த பதில்தான் தாங்க முடியாதது: “நல்ல மனசோடதானே அண்ணன் செஞ்சம்.” நல்ல மனசு இருந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சாப்பாடு எப்போது சமைத்து முடிய வேண்டும் என்பதைச் சமைப்பவர்களின் வசதி தீர்மானித்தது, சாப்பிடுகிறவரின் வயிறு தீர்மானிக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அவர்கள் சாப்பிடப்போகும் நேரத்தை எழுதிக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். எட்டு மணிக்குக் கொடுப்பதானால் சோறு ஆறரைக்கு முன் இறங்கவே கூடாது. காலையில் வரக்கூடிய அம்மாமார் வெங்காயம் உரிக்கட்டும், அரிசியில் கல் பொறுக்கட்டும், அடுப்பு மட்டும் மாலையில் பற்றட்டும். முடிந்தால் சோற்றைக் கட்டாமலே, இறுக்கி மூடக்கூடிய ஐஸ் பெட்டிக்குள் சூடாக வைத்துக் கொண்டுபோங்கள், குளிரைப் பிடித்து வைக்கும் பெட்டி சூட்டையும் பிடித்து வைக்கும். அங்கே போய்ப் பரிமாறுங்கள். தேங்காய்ப்பால் கறிக்குப் பதிலாகப் பால் விடாத சோயா மீட் பிரட்டலோ, நெத்தலிக் கருவாட்டுப் பொரியலோ போதும். மாலையில் சமைக்க ஆளே இல்லையென்றால் அன்றைக்குச் சோறு வேண்டாம். பாணும் வாழைப்பழமும் கொடுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

இன்னொன்று, வாங்குகிறவர் முழுவதையும் அப்போதே சாப்பிடுவார் என்று நினைக்காதீர்கள். பாதியைக் காலைக்கு வைப்பார், ஏனென்றால் காலையில் யாரும் வருவதில்லை. அதனால் சோற்றோடு ஒரு சின்னக் கிரீம் கிராக்கர் பக்கெட்டையும் சேர்த்துக் கொடுத்து, சோறு இப்போதே, இது காலைக்கு என்று சொல்லுங்கள். தமிழ் தெரியாதவரிடம் “தென்ம கன்ன” என்றால் போதும். அப்புறம், உங்கள் பகுதிப் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு நாள் போய் உங்கள் சமையல் முறையைச் சொல்லிக் கேளுங்கள். வெசாக் பண்டிகைக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சல்களைப் பரிசோதிப்பவர்கள் அவர்கள்தான், பெருங்கூட்டத்துக்குச் சமைப்பதில் எங்கே பிழைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பிரசங்கத்தை முடித்துவிட்டுப் பார்சலைக் கொடுப்பது

இயேசுவும் முதலில் போதித்தார், பிறகுதானே அப்பம் கொடுத்தார் என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினார். நல்ல கேள்வி. ஆனால் அங்கே மக்கள் அவர் பேசுவதைக் கேட்கவென்றே ஏரிக்கரை சுற்றி ஓடி வந்தவர்கள். இங்கே யாரும் நம்மைத் தேடி வரவில்லை, அவர்கள் படுத்திருக்கும் இடத்துக்கு நாம் போகிறோம். பசித்த ஒருவர் பார்சலைப் பார்த்துக்கொண்டே சொல்லும் ஆமேனை வாங்கி நமக்கு என்ன ஆகப்போகிறது?

இந்த நாட்டில் இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. 2004இல் பலவந்த மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கே போனது. அதில் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, சட்டமூலம் சட்டமாகவில்லை. ஆனால் சோறு கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் ஊரில் அப்படியே இருக்கிறது. பார்சலுக்குள் நீங்கள் வைக்கும் ஒரு கைப்பிரதி அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடும், அதன் விளைவு உங்களுக்கு மட்டுமல்ல, அதே தெருவுக்குப் போகும் மற்றக் குழுக்களுக்கும் வரும். ஜெபத்தை வேன் புறப்படும் முன் மண்டபத்தில் செய்யுங்கள். யாராவது தாமாகக் கையைப் பிடித்து எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்டால், கேட்பார்கள், அப்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாக ஜெபியுங்கள்.

படம் எடுப்பது

எடுக்காதீர்கள். முதுகுப் பக்கமிருந்தும் வேண்டாம்.

எல்லோரும் ஒரே நாளில் வருவது

கிறிஸ்மஸ் இரவில் ஒருவர் கையில் நாலு பார்சல் இருக்கும், 27ஆம் திகதி ஒன்றும் இருக்காது. வெசாக் அன்று வீதிக்கு வீதி தன்சல், அன்றைக்கு நீங்கள் போகத் தேவையே இல்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலைச் சுற்றிக் கூட்டம் இருக்கும், கொடுக்கிற கைகளும் அங்கே இருக்கும். எந்த இரவில், எந்தத் தெருவில் யாரும் வருவதில்லை என்று அங்கே இருப்பவர்களிடமே கேளுங்கள். பக்கத்துச் சபை, பக்கத்துப் பள்ளிவாசல், விகாரை என்று யார் கொடுத்தாலும் அவர்களோடு பேசி நாள் பிரித்துக்கொள்ளுங்கள்.

மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி

வேண்டாம். சோயா, முட்டை, கருவாடு போதும், மரக்கறி மட்டும் கேட்பவருக்குத் தனியாகச் சில பார்சல்கள்.

வெளிச்சம் அடித்து எழுப்புவது

பத்து மணிக்கு மேல் வேனைக் கொண்டுபோய் நிறுத்தி, முகத்தில் டோர்ச் அடித்து, “சாப்பாடு, சாப்பாடு” என்று சத்தம் போடும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். 1841இல் வெள்ளைக்காரர் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, தெருவில் இருப்பவர்களைப் பிடித்துப் போக அது எத்தனையோ தடவை பயன்பட்டிருக்கிறது. இரவில் வேன் வந்து நின்றால் அவர்களுக்கு முதலில் நினைவு வருவது சாப்பாடு இல்லை. தூங்கும் முன்பே போங்கள். வேனைத் தள்ளி நிறுத்தி நடந்து போங்கள், ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள், சிங்களம் நன்றாகப் பேசக்கூடிய ஒருவராவது முன்னால் போகட்டும். தூங்கிவிட்டவரை எழுப்பாதீர்கள்.

பழைய உடுப்பு

கேட்டவருக்கு மட்டும், துவைத்து.

சொல்லாமல் நிறுத்துவது

ஒவ்வொரு வெள்ளியும் வருவோம் என்று சொல்லிவிட்டு, பாஸ்கா முடிந்ததும் காணாமல் போவார்கள். அந்த வெள்ளிக்கிழமை உங்களை நம்பி அவர் வேறு இடத்துக்குப் போயிருக்கமாட்டார். முடியாது என்றால் மாதம் ஒரு தடவை என்றே தொடங்குங்கள், அதையே சொல்லுங்கள். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் இரண்டு வாரம் முன்பே அவர்களிடம் நேரில் சொல்லிவிட்டு, அந்தத் தெருவுக்கு வேறு நாட்களில் வரும் குழுவிடமும் சொல்லுங்கள், உங்கள் நாளை அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும்.