சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்: பிள்ளையின் கணையத்தை வருடக்கணக்கில் கவனிப்பது எப்படி?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சுருக்கமாக சி.எஃப்.) என்ற பரம்பரை நோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குக் கணையநீர் போதாது. நீர் கெட்டியாகி நுண்குழாய்களை அடைத்துவிடுவதால், கொழுப்பைச் செரிக்கும் என்சைம் குடலுக்கு வந்து சேருவதில்லை. மீதிப் பேருக்கு இன்று நன்றாக வேலை செய்யும் கணையம் நாலு வருடம் கழித்துக் குறையலாம். அதனால் ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியாகவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். வரிசையாகப் பார்க்க வேண்டும்.

படி 1: நோட்டுப் போடுங்கள்

மாதம் ஒரு தடவை எடை, உயரம். அதே தராசு, அதே காலை நேரம். பக்கத்திலேயே, சாப்பாட்டுக்கு எத்தனை என்சைம் கேப்ஸ்யூல், மலம் எப்படி என்று எழுதுங்கள். எண்ணெய் மிதக்கிறதா, நாற்றம் கூடியிருக்கிறதா, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? எழுதக் கூச்சமாக இருக்கும். ஆனால் டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். குடியாத்தத்திலோ ஆரணியிலோ ஒரு லேபில் எடுத்த ரிப்போர்ட்டையும் வேலூரில் எடுத்ததையும் இதே நோட்டில் தேதிவாரியாக ஒட்டுங்கள்.

படி 2: மலத்தில் எலாஸ்டேஸ் டெஸ்ட்

கணையம் குடலுக்கு அனுப்பும் எலாஸ்டேஸ் என்ற என்சைம் எவ்வளவு என்று சொல்லும் எளிய டெஸ்ட் இது. ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சரி. 100-க்குக் கீழே என்றால் கடுமையான குறைவு. நடுவில் இருந்தால் திரும்பப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வயிற்றுப்போக்கு இருக்கும்போது மாதிரி கொடுக்காதீர்கள். தண்ணீர் கலந்து அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். கெட்டிப்பட்டதும் கொடுங்கள். என்சைம் கேப்ஸ்யூலை நிறுத்த வேண்டுமா என்றால், மனித எலாஸ்டேஸை மட்டும் அளக்கும் முறையில் தேவையில்லை. கேப்ஸ்யூலில் இருப்பது பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த என்சைம்; அது இந்த அளவில் சேராது. எந்த முறை என்று லேபில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தைக்கு முதல் வருடத்தில் இந்த எண் ஏறி இறங்கும், அதனால் மறுபடி எடுப்பார்கள். 200-க்கு மேல் உள்ள பிள்ளைக்கு எடை நின்றுபோனாலோ மலம் மாறினாலோ உடனே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். குறைவு என்று உறுதியான பிறகு, சும்மா சும்மா இதையே எடுத்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சி.எஃப்.-இல் பழுதாகும் சி.எஃப்.டி.ஆர். என்ற புரதத்தைச் சீராக்கும் புது மருந்து தொடங்கியவர்கள் மட்டும் விலக்கு: சின்னப் பிள்ளைகள் சிலருக்கு எண் ஏறியிருக்கிறது.

படி 3: மாத்திரைக் கணக்கு

ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 2,500 லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்) யூனிட் உச்சம். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10,000. இருபது கிலோ பிள்ளைக்கு 10,000 யூனிட் கேப்ஸ்யூல் என்றால் வேளைக்கு ஐந்து, நாளைக்கு இருபதுதான் எல்லை. அதைத் தாண்டினால் பெருங்குடல் சுருங்கும் ஆபத்து உண்டு. எல்லைக்குள் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. ஆனால் ரெண்டு இட்லிக்கும் ஆம்பூர் பிரியாணிக்கும் ஒரே எண்ணிக்கை போதாது. கொழுப்புக்கு ஏற்ப மாறும்.

வேலூரே வேகும் கத்திரி வெயிலில் கேப்ஸ்யூலை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துவிட்டு, மலம் ஏன் கெட்டது என்று யோசிக்காதீர்கள். சூட்டில் என்சைம் கெட்டுப்போகும்.

படி 4: வருடத்துக்கு ஒரு தடவை ரத்தம்

கொழுப்போடு சேர்ந்தே உடலில் ஏறும் வைட்டமின் ஏ, டி, ஈ அளவு. அதே வகையான வைட்டமின் கே-யை அளப்பதற்குப் பதிலாக ரத்தம் உறையும் நேரம்.

படி 5: சர்க்கரை

கணையத்தின் இன்னொரு வேலை இன்சுலின். பத்து வயதிலிருந்து வருடாவருடம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும். மூன்று மாதச் சராசரி காட்டும் டெஸ்ட் சி.எஃப்.-இல் சரியாக இருப்பதுபோலக் காட்டி ஏமாற்றும். அதை மட்டும் நம்பாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணி நேரம் பட்டினி. குளுக்கோஸ் கிலோவுக்கு 1.75 கிராம், 75 கிராமுக்கு மேல் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து 140-க்குள் இருந்தால் சரி, 200 தாண்டினால் சர்க்கரை நோயா என்று உறுதி செய்ய வேண்டும். நெஞ்சுச் சளி முற்றியிருக்கும் நாளில் எடுக்காமல் தள்ளிப்போடுங்கள்.

இந்த ஐந்துக்கும் வெளியே ஒன்று உண்டு. என்சைம் போதுமான அளவு சுரக்கும் பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் கணைய அழற்சி வரும். மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவி வாந்தியும் சேர்ந்தால், அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தில் அமைலேஸ், லைபேஸ் என்ற கணைய என்சைம்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நோட்டையும் எடுத்துப் போங்கள்.